நாய்க்குட்டியின் சீற்றமும் லயத்தின் பொறுப்பும்

மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. அட்டனிலிருந்து மஸ்கெலியா வரையிலும், நுவரெலியாவிலிருந்து இராகலை வரையிலும் எந்தத் தோட்டத்திற்குச் சென்றாலும் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்தின் அருகிலும் பீலிக்கரையிலும் நாய்களே முதலில் எம்மை எதிர்கொள்கின்றன. இவற்றுள் சில ஒரு வீட்டுக்கு உரியவை; பல முழு லயத்துக்கும் பொதுவானவை. காவலுக்கும் துணைக்குமாக வளர்க்கப்படும் இந்தப் பிராணிகள் மீது எமது மக்கள் கொண்டுள்ள பாசத்துக்குக் குறைவில்லை. எனினும், அவற்றை வளர்க்கும் முறை பற்றிய அறிவு அந்தப் பாசத்தின் அளவுக்கு வளர்ந்துள்ளதா என்பது சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

மூன்று அல்லது நான்கு மாதக் குட்டியொன்று வேறு நாய்களைக் கண்டவுடன் உறுமுவதும் சீறிப் பாய்வதும் கடிக்க முற்படுவதும் பல வீடுகளில் காணப்படுகின்ற பிரச்சினையாகும். சிலர் அதனை வீரம் எனக் கருதி மகிழ்கின்றனர். சிலர் தடியெடுத்து அடித்துத் திருத்த முற்படுகின்றனர். வேறு சிலர் சங்கிலியில் கட்டி இஸ்தோப்பின் மூலையில் விட்டுவிடுகின்றனர். இம்மூன்றும் பிரச்சினையை வளர்க்கின்றனவேயன்றிக் குறைப்பதில்லை.

ஒரு குட்டியின் குணம் பற்றி இத்தனை தூரம் பேச வேண்டுமா என்று வாசகர்கள் வினவலாம். இன்று உறுமும் குட்டி ஓராண்டில் முழு வளர்ச்சி பெற்ற நாயாகிவிடும். லயத்து வாசலில் இரு நாய்கள் சண்டையிடும்போது அவற்றை விலக்கச் செல்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. கடிபடுவதும் அவர்களே. நாய்ச் சண்டை அயல்வீட்டுச் சண்டையாக மாறுவதையும், ஈற்றில் நாய்க்கு நஞ்சு வைக்கப்படுவதையும் அறியாதோர் தோட்டப்புறத்தில் இல்லை. இவை யாவற்றுக்கும் மேலாக நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர்நாய்க்கடியின் அபாயம் இருக்கின்றது. அறிகுறிகள் தோன்றிய பின்னர் இந்நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இயலாததாகும். மனிதரை இந்நோய் தாக்குகின்ற நூற்றில் 99 சந்தர்ப்பங்களில் நாயே காரணமாக உள்ளதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயினால் உயிரிழந்தனர். தடுப்பூசித் திட்டங்களின் பயனாக அண்மைய ஆண்டுகளில் இத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ள போதிலும், முற்றாக ஒழியவில்லை.

சீற்றமா, விளையாட்டா?

முதலில் விளையாட்டையும் சீற்றத்தையும் பிரித்தறிதல் வேண்டும். குட்டிகள் ஒன்றையொன்று துரத்துவதும், கழுத்தைக் கவ்வுவதும், உருட்டி விழுத்துவதும் இயல்பானவை. விளையாடும் குட்டி முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பகுதியை உயர்த்தி அழைப்பு விடுக்கும். அதன் உடல் தளர்வாக இருக்கும். துரத்திய குட்டி சிறிது நேரத்தில் துரத்தப்படும் குட்டியாக மாறும். ஒன்று வலியால் கத்தினால் மற்றது விட்டுவிடும். இவ்வாறு விட்டுவிடக் கற்பதே கடியின் பலத்தைக் கட்டுப்படுத்தும் முதற்பாடமாகும். இப்பாடத்தைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே கற்பிக்கின்றன. ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தெடுக்கப்படும் குட்டி அதனை முழுமையாகக் கற்பதில்லை. ஆகவே எட்டு வாரம் நிறையும் வரையாவது குட்டியைத் தாயுடன் விட்டுவைப்பது நல்லது.

உண்மையான சீற்றத்தின் அடையாளங்கள் வேறானவை. உடல் விறைத்து நிற்கும். பார்வை ஓரிடத்திலேயே குத்திட்டிருக்கும். முதுகு மயிர் சிலிர்க்கும். உதடு மேலேறிப் பற்கள் தெரியும். இவற்றுக்கு முன்னதாகவே குட்டி வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குதல், காதுகளைப் பின்னே மடித்தல், வேளைகெட்ட வேளையில் கொட்டாவி விடுதல், நாவினால் உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவற்றைச் செய்திருக்கும். இவை அச்சத்தின் அடையாளங்களாகும். நாம் இவற்றைக் கவனிப்பதில்லை. உறுமல் கேட்ட பின்னரே திரும்பிப் பார்க்கின்றோம்.

அச்சமே அடிப்படை

இளங்குட்டிகளின் சீற்றத்தில் பெரும்பகுதி அச்சத்தினால் விளைவதாகும். எதிரே வரும் நாயைக் கண்டு அஞ்சும் குட்டிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விலகி ஓடுதல். மற்றது முந்திக்கொண்டு மிரட்டுதல். சங்கிலியில் கட்டப்பட்ட குட்டிக்கு முதல் வழி அடைக்கப்பட்டுவிடுகின்றது. அது மிரட்டுகின்றது. வழியோடு சென்ற நாய் தன்பாட்டில் அப்பால் சென்றுவிடுகின்றது. தன் மிரட்டலினாலேயே அது சென்றதென்று குட்டி கற்றுக்கொள்கின்றது. இது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நிகழுமாயின், ஒரு மாதத்தில் 300 தடவை அக்குட்டிக்கு மூர்க்கம் பயிற்றுவிக்கப்பட்டுள்ளது என்றே கொள்ள வேண்டும்.

லயத்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகின்றது. சுவரோடு சுவராக ஒட்டிய அறைகள், ஒரே கான், ஒரே பீலி, ஒரே நடைபாதை என்பதே அங்குள்ள நிலைமை. ஒரு வாசலில் கட்டப்பட்ட நாய்க்கும் அடுத்த வாசலில் கட்டப்பட்ட நாய்க்கும் இடையில் சில அடி தூரமே உள்ளது. ஒன்றையொன்று பார்த்தபடி, ஆனால் நெருங்கிப் பழக முடியாதபடி அவை நாள் முழுவதும் கிடக்கின்றன. அதிகாலையில் பெரியவர்கள் மலைக்குச் சென்றுவிட்டால் மாலை வரை அவற்றைக் கவனிப்பாரில்லை. பாடசாலை விட்டு வரும் சிறுவர்கள் 'பிடி, பிடி' என்று ஏவி விடுவது இதற்கு மேலும் எண்ணெய் வார்க்கின்றது.

நோயும் வலியும்கூடக் காரணமாகலாம். சொறி, உண்ணி, காதுப் புண், வயிற்றுப் புழு ஆகியவற்றினால் அவதியுறும் குட்டி தன்னை எதுவும் நெருங்குவதை விரும்பாது. நேற்று வரை சாதுவாக இருந்த குட்டி திடீரெனச் சீறத் தொடங்கினால், முதலில் அதன் உடலைப் பரிசோதிக்க வேண்டும். அத்துடன், காரணமின்றி எதையும் கடித்தல், வாயில் எச்சில் வடிதல், குரல் மாறுதல், நடை தள்ளாடுதல் என்பன காணப்படின், அது பழக்குவதற்குரிய விடயமன்று. குட்டியைத் தொடாமல் அடைத்து வைத்துவிட்டு உடனடியாக அரச மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்தல் வேண்டும்.

பதினான்கு வாரங்கள்

நாய்க்குட்டியின் வாழ்வில் ஒரு குறுகிய காலம் மற்றெல்லாக் காலத்தையும் விட முக்கியமானது. அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் ஆய்வு நடத்திய ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிறந்து 3 வாரம் முதல் ஏறக்குறைய 12 வாரம் வரையான காலத்திலேயே குட்டி எவற்றோடு பழகுகின்றதோ அவற்றைத் தன் உலகாக ஏற்றுக்கொள்கின்றது என விளக்கினர். அதே ஆய்வுகூடத்தில் நடைபெற்று 1961ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பு ஏதுமின்றி வளர்ந்த குட்டிகள் அதன் பின்னர் மனிதரை எளிதில் அணுகாத காட்டுக் குணத்துடனேயே காணப்பட்டன. வேறு நாய்களுடனான பழக்கத்துக்கும் இக்காலமே உரியது. அப்பருவத்தில் பல நாய்களை அமைதியாகக் காணும் குட்டி, பின்னர் நாயைக் கண்டு அஞ்சுவதில்லை.

இவ்வுண்மை மலையகத்துக்குப் புதியதன்று. 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றமொன்றை அமைக்க முற்பட்ட சாமுவேல் பேக்கர், மரை வேட்டைக்கெனப் பெரிய நாய்க்கூட்டமொன்றை இம்மலைகளில் வைத்திருந்தார். அத்தகைய கூட்டத்தில் நாய்கள் தமக்குள் கடித்துக்கொண்டால் வேட்டை நடவாது. அதனாலேயே கூட்டமாக வேட்டையாடும் நாய்களைக் குட்டிப் பருவந்தொட்டு ஏனைய நாய்களுடன் சேர்த்து வளர்ப்பது வேட்டைக்காரர்களின் வழக்கமாயிற்று.

இங்கு ஒரு சிக்கல் எழுவதை மறுப்பதற்கில்லை. குட்டிகளுக்குரிய தடுப்பூசித் தொடர் 16 வாரமளவிலேயே நிறைவடைகின்றது. பழக்குவதற்குரிய காலமோ அதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றது. தடுப்பூசி பெறாத நாய்கள் திரியும் தோட்டங்களில் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய நோய்கள் குட்டிகளை எளிதில் தொற்றுகின்றன. நோய்க்கு அஞ்சிக் குட்டியை அடைத்து வைத்தால் அது அச்சத்துடன் வளரும். அச்சத்தை நீக்க வெளியே விட்டால் நோய் பற்றும். இதற்கு நடுவழி ஒன்று உண்டு. முதலாவது தடுப்பூசி ஏற்றிச் சில நாட்கள் கழிந்ததும் குட்டியைக் கையிலோ கூடையிலோ ஏந்திச் சென்று உலகைக் காட்டலாம். பிரட்டுக்களம், பேருந்துத் தரிப்பிடம், கோயில் வாசல், தூரத்தே ஒலிக்கும் தப்பு என யாவற்றையும் அது தரையில் கால்படாமலே அறிந்துகொள்ளும். தடுப்பூசி பெற்ற, சாதுவான, அறிமுகமான இரண்டு மூன்று நாய்களுடன் மட்டும் சுத்தமான இடத்தில் பழக விடலாம். அமெரிக்காவின் மிருக நடத்தை தொடர்பான மிருக வைத்தியர் சங்கமும் 2008ஆம் ஆண்டில் தடுப்பூசித் தொடர் முடியும் வரை காத்திராமல் குட்டிகளைப் பாதுகாப்பாகப் பழக்குமாறே வலியுறுத்தியது.

அடி உதவாது

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை நாய்க்கும் பொருத்திப் பார்ப்போர் எம்மிடையே பலர். வேறொரு நாயைக் கண்டு அஞ்சி உறுமும் குட்டியை அந்த வேளையில் அடித்தால், அது கற்றுக்கொள்வது என்ன? நாய் வந்தால் வலியும் வரும் என்பதையே அது கற்றுக்கொள்கின்றது. அடுத்த முறை அச்சம் இரட்டிப்பாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்காகத் தம்மிடம் கொண்டுவரப்பட்ட நாய்களை முன்னர் அடித்தோ உதைத்தோ திருத்த முயன்ற உரிமையாளர்களுள் 43 வீதத்தினர், அதற்குப் பதிலாகச் சீற்றத்தையே பெற்றதாகக் கூறியிருந்தனர்.

உறுமலுக்காகத் தண்டிப்பதும் ஆபத்தானது. உறுமல் என்பது நாய் விடுக்கும் எச்சரிக்கை. தண்டனைக்கு அஞ்சி அந்த எச்சரிக்கையை நிறுத்திவிடும் நாய், பின்னர் உறுமாமலே கடிக்கும். மேலும் பிராணிகளைத் துன்புறுத்துவது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இந்நாட்டில் குற்றமாகும் என்பதையும் நினைவூட்ட விரும்புகின்றோம்.

படிப்படியான பழக்கம்

ஏற்கனவே சீறத் தொடங்கிவிட்ட குட்டியை எவ்வாறு மாற்றுவது? ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் நாய்களைக் கொண்டு நிறுவிய உண்மையே இங்கும் துணையாகின்றது. உணவுக்கு முன்னர் எந்த ஓசை தவறாது கேட்கின்றதோ, அந்த ஓசையே நாய்க்கு உவப்பானதாகிவிடுகின்றது. அதுபோலவே வேறொரு நாய் தோன்றும்போதெல்லாம் நல்ல உணவு கிடைக்குமாயின், நாயின் வருகை அச்சத்துக்குரியதாக இல்லாமல் எதிர்பார்ப்புக்குரியதாக மாறும்.

இதற்குத் தூரமே முதற் தேவை. லயத்தில் தூரம் இல்லை. ஆனால் மலையில் உண்டு. கீழேயுள்ள பாதையில் நாய்கள் செல்வதை மேட்டிலிருந்து பார்க்கக்கூடிய இடமொன்றைத் தெரிவு செய்ய வேண்டும். குட்டி மற்ற நாயைக் காண வேண்டும். ஆனால் விறைக்கவோ குரைக்கவோ கூடாது. அதுவே சரியான தூரம். நாய் கண்ணில் பட்டவுடன் அவித்த ஈரல், முட்டை அல்லது குட்டி விரும்பும் வேறேதாவதை நகக்கண் அளவிலான சிறு துண்டுகளாகக் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். நாய் மறைந்தவுடன் கொடுப்பதை நிறுத்த வேண்டும். காலையிலோ மாலையிலோ ஐந்து நிமிடம் போதுமானது. குட்டி நாயைக் கண்டதும் எம் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் பாடம் பதிந்துவிட்டது என்று பொருள். அதன் பின்னரே சில அடிகள் நெருங்கலாம். நெருங்கியவுடன் குரைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்பதை உணர்ந்து பழைய தூரத்துக்கே திரும்ப வேண்டும். சில குட்டிகள் இரண்டு வாரங்களில் மாறும். சிலவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும்.

அடுத்த படி, சாதுவான வளர்ந்த நாயொன்றுடன் ஒரே திசையில் நடத்திச் செல்வதாகும். இரு நாய்களையும் இருவர் பிடித்துக்கொண்டு, வண்டிப் பாதையின் இரு ஓரங்களிலும் நடக்க வேண்டும். நேருக்கு நேர் நிறுத்துவது நாய்களின் வழக்கில் சவாலாகும். பக்கம் பக்கமாக நடப்பது நட்பாகும். சங்கிலியை விட மென்மையான கயிறே ஏற்றது. அதுவும் தளர்வாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்த கயிறு எமது பதற்றத்தைக் குட்டிக்கு உணர்த்திவிடுகின்றது. பல நாட்கள் அமைதியாக நடந்த பின்னரே ஒன்றையொன்று முகர்ந்து பார்க்க, அதுவும் ஓரிரு விநாடிகளுக்கு மட்டும், இடமளிக்கலாம்.

இவற்றோடு அன்றாட ஒழுங்குகளும் வேண்டும். இரண்டு நாய்களுக்கு ஒரே இடத்தில் சோறு வைத்தலாகாது. கட்ட வேண்டிய நேரங்களில் மற்ற நாய்கள் தெரியாதபடி பலகையோ சாக்கோ கொண்டு மறைப்புக் கட்டலாம். இரவில் குட்டியை வெளியே கட்டி வைப்பது அதன் உயிருக்கே ஆபத்தானது. மலையகத் தோட்டங்களில் சிறுத்தைகள் நாய்களைத் தேடி லயங்களின் அருகே வருவதை மக்கள் நன்கு அறிவர். காவலுக்கென்றே மூர்க்கமான நாய் தேவை என்போரும் இதனைச் சிந்திக்க வேண்டும். சிறுத்தை வந்தாலும் திருடன் வந்தாலும் எமக்குத் தேவைப்படுவது குரைத்து எச்சரிக்கும் நாயே. அக்குணம் நாய்க்கு இயல்பாகவே உண்டு. அதற்கு அடுத்த வீட்டு நாயைக் கடிக்கப் பழக்க வேண்டியதில்லை.

குட்டி ஆறேழு மாதத்தை அடையும்போது பருவ வளர்ச்சி தொடங்குகின்றது. கருத்தடை சத்திரசிகிச்சை ஆண் நாய்களின் அலைச்சலையும் அதனால் மூளும் சண்டைகளையும் குறைக்க உதவும். எனினும், அச்சத்தினால் எழும் சீற்றத்துக்கு அது மட்டும் மருந்தாகாது. பழக்கிய பின்னரும் காயம் ஏற்படும் அளவுக்குக் கடிக்கும் குட்டியை மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் மலையகத்துக்கு எட்டாத தூரத்தில் இல்லை. குட்டியைச் சாக்கில் கட்டி வேறொரு தோட்டத்திலோ நகரத்திலோ விட்டுவிடுவது, எமது பிரச்சினையை வேறொருவரின் பிள்ளையின் மீது சுமத்துவதாகும்.

சண்டை மூண்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சண்டை மூளலாம். அவ்வேளையில் கையையோ காலையோ இடையில் நீட்டலாகாது; கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வெறிகொண்ட நாய் தன் எசமானின் கையென்று அறியாமலே கடிக்கும். முதலில் சிறுவர்களை உள்ளே அனுப்ப வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுதல், சாக்கையோ படங்கையோ மேலே எறிதல், பலகையை இடையில் நுழைத்தல் ஆகியவை பெரும்பாலும் பலன் தரும். எவராவது கடிக்கப்பட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிய பின்னர் தாமதமின்றி அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், கோப்பித் தூள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பலாகாது. கடித்தது சிறு குட்டிதானே என்று அலட்சியம் செய்வதும் தவறாகும். குட்டிகளுக்கும் நீர்வெறுப்பு நோய் உண்டாகும்.

ஒரு வீட்டுக் காரியமன்று

இதுவரை கூறியவற்றை ஒரு குடும்பம் மட்டும் செய்து முடிக்க இயலாது. பக்கத்து வீட்டார் தமது நாயை ஏவிவிடும் வரை எமது குட்டியின் அச்சம் தீரப்போவதில்லை. லயம் மனிதருக்கு மட்டுமன்றி நாய்களுக்கும் ஒரே குடியிருப்பாகும். ஆகவே லயத்தார் கூடிச் சில இணக்கங்களுக்கு வருதல் அவசியம். நாய்களை ஏவி விளையாடச் சிறுவர்களை அனுமதிக்காமை, குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காமை, பொதுவான நாய்களையும் ஒருவர் பொறுப்பேற்றுத் தடுப்பூசிக்குக் கொண்டுவருதல் ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை.

நீர்வெறுப்பு நோய்க்கெனக் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்வதற்கென 1901ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. பதிவு உள்ளூராட்சி மன்றங்களின் பணியாகும். எனினும் தோட்டக் குடியிருப்புகள் நீண்டகாலமாகப் பிரதேச சபைகளின் சேவைக்கு வெளியிலேயே வைக்கப்பட்டிருந்தன. பிரதேச சபைச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடையைத் தளர்த்தியது. வீதியும் குடிநீரும் போன்றே நாய்களின் பதிவும் கருத்தடையும் தடுப்பூசியும் தோட்டங்களுக்குச் சேர வேண்டிய சேவைகளாகும். ஒரு பிரதேசத்து நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மக்கள் மலையில் வேலை செய்யும் நேரத்தில் நகரத்தில் முகாம் நடத்துவதால் இந்த அளவை எட்ட முடியாது. பிரட்டு நேரத்திலோ சம்பள நாளிலோ தோட்டத்துக்கே சென்று நடத்தப்படும் முகாம்களே பலன் தரும். பிரதேச சபைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் தோட்ட நிர்வாகங்களும் இதனை ஒருங்கிணைந்து செய்தல் வேண்டும். அம்முகாம்களில் ஊசியோடு மட்டும் நின்றுவிடாது, குட்டி வளர்ப்பு பற்றிய ஐந்து நிமிட விளக்கமும் தமிழில் அளிக்கப்படுமாயின் அதன் பயன் பெரிதாக இருக்கும்.

நாய்க்குட்டியொன்று எமது வாசலுக்கு வரும்போது அது மூர்க்கத்தைச் சுமந்து வருவதில்லை. தாயின் சூடு பிரிந்த அச்சத்தையே சுமந்து வருகின்றது. அந்த அச்சம் நம்பிக்கையாக மாறுவதற்குச் சில வாரங்களும், சில துண்டு உணவும், சற்றுப் பொறுமையுமே தேவை. அந்த வாரங்களை நழுவவிட்டால், அதன் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் பாடசாலை விட்டு வரும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருக்கும் என்பதை மறந்துவிடலாகாது.